உப்புக்காரன் சந்துச் சுவரு

எங்க ஊருக்கு வாரவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான். ரயில விட்டு இறங்குவாங்க, நெல்லையப்பரக் கும்பிடுவாங்க, ஆத்துல ஒரு முங்கு போடுவாங்க, கை நிறைய அல்வாப் பொட்டலத்தத் தூக்கிக்கிட்டு அடுத்த வண்டியப் பிடிப்பாங்க, ஊரப் பாத்தாச்சாம். வெளியூர்க்காரன விடுங்க, உள்ளூர்க்காரன் மட்டும் என்னத்தக் கிழிச்சான்? பாளையங்கோட்டையில பொறந்து, பாளையங்கோட்டையிலயே காது குத்தி, கல்யாணம் முடிச்சு, பேரனும் எடுத்துட்ட ஒருத்தன நிப்பாட்டி உப்புக்காரன் சந்து எங்க இருக்குன்னு கேளுங்க, தலையச் சொறிவான். அந்தச் சந்துக்குள்ள, என் சர்பத் கடைக்கும் சலூனுக்கும் நடுவுல, பழைய கோட்டையில இடிஞ்சது போக மிஞ்சுன ஒரு துண்டுச் சுவரு நின்னுச்சு. ஒரு ஆளு ரெண்டு கையையும் விரிச்சா ரெண்டு ஓரமும் கைக்கு எட்டிரும், அவ்வளவுதான் அகலம். உசரம் ரெண்டு ஆளு. அதுக்கு நாங்க செஞ்ச மரியாதையச் சொல்லவே கூசுது. சந்துல போற ஆம்பளைக பூராவும் அது மேலதான் ஒண்ணுக்கு அடிச்சாங்க.

அந்தச் சுவரு என்னன்னு ஊருக்குத் தெரிஞ்சது வேதமணி சாராலதான். டிராயிங் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, வாயில்லாப் பூச்சி. அன்னைக்கு என் கடையில சர்பத்துக்குச் சொல்லிட்டு, தூத்துக்குடியில இருக்குற மச்சினன்கிட்ட போன்ல பேசிக்கிட்டிருந்தாரு. வீட்டு மாமரத்துல ஒரு கெளைய இவரக் கேக்காம அவன் வெட்டிட்டானாம், அதுல ஆரம்பிச்சு, கட்டிக் கொடுத்த காலத்துல கறிச்சோத்துல எலும்பா அள்ளி வச்ச கதை வரைக்கும் போயி, மனுசனுக்குக் கோவம் தலைக்கேறி, போன வச்ச கையோட அந்தச் சுவத்துல ஒரு குத்து விட்டாரு. அதே நேரம் தூத்துக்குடியில ஒரு ஓட்டல்ல இட்லி தின்னுக்கிட்டிருந்த மச்சினன், நாற்காலியோட பின்னால சாஞ்சு விழ, முன்பல்லு ரெண்டும் சாம்பாருக்குள்ள கெடந்துச்சு. பக்கத்துல யாரும் இல்ல. சப்ளையர் ஒருத்தன் சாட்சி. வேதமணி சாருக்குக் கையில ஒரு கீறல் கூட இல்ல. சர்பத்த முழுசாக் குடிச்சுட்டுத்தான் போனாரு.

ஏன் எப்படின்னு யாரும் பெருசா மண்டைய ஒடைக்கல. கோட்டை கட்டுன காலத்துல யாரையோ உசுரோட வச்சுக் கட்டிட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, உள்ள இசக்கியம்மா இருக்கான்னு ஒருத்தி சொன்னா, கல்லுல ஏதோ காந்தம்ன்னு காலேஜ்ல படிக்குற புள்ள சொல்லுச்சு. எனக்கென்ன தெரியும், நான் சர்பத் போடுதவ. ஆனா ஊரு அதுக்குப் பழகுன வேகம் இருக்கே, அதுதான் ஆச்சரியம். சித்திரை முடியுமுன்ன எங்க சந்துக்குள்ள நிக்க எடமில்ல. ஞாயித்துக்கெழமை கோயிலு முடிச்சும் வந்தாங்க, சர்ச் முடிச்சும் வந்தாங்க, புளிசாதம் கட்டிக்கிட்டுக் குடும்பத்தோட வந்து, ஆளுக்கு ரெண்டு அடி அடிச்சுட்டு, சுவத்து முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. மறுவீடு வந்த மாப்பிள்ளை பொண்ணக் கூட்டிவந்து காட்டுனாங்க. முனிசிபாலிட்டிக்காரங்க கீழப் பகுதிக்குச் சுண்ணாம்பு அடிச்சு, வரிசைக்குக் கம்பி போட்டு, 'ஒருவர் முடித்தபின் அடுத்தவர்'ன்னு போர்டும் மாட்டிட்டாங்க. அந்த ஒண்ணு மட்டும் எங்க ஊருல சட்டமாப் போச்சு. சுவத்து முன்னால நிக்குறவனுக்கு அது அவன் முறை. அவனா ஒதுங்குற வரைக்கும் தகப்பனே வந்தாலும் அவன் மேல கை வைக்கப்படாது.

அடி விழுற பக்கமும் மரியாதை எல்லாம் தானா வந்துட்டு. பந்தியில ஒருத்தர் மேல திடீர்னு அடி விழுந்துச்சுன்னா பக்கத்து எலைக்காரர் தன் எலையக் கொஞ்சம் தள்ளிக்கிட்டு, அவரு எந்திரிச்சு ஒக்காருற வரைக்கும் கை நனைக்காமக் காத்திருப்பாரு. ஓடுற பஸ்ஸுல யாரு மூக்குலயாவது ரத்தம் வந்தா கண்டக்டர் விசில் ஊதி, முன் சீட்டக் காலி பண்ணிக் கொடுப்பாரு. தாலி கட்டப் போற நேரத்துல மாப்பிள்ளை கன்னத்துல பளாருன்னு விழுந்தப்ப, மேளக்காரங்க நிறுத்தவே இல்ல, கெட்டிமேளத்தக் கொஞ்சம் கூட்டி வாசிச்சாங்க. எலும்பு வைத்தியர் ஒருத்தர் சந்து முனையிலயே பச்செலையும் மூங்கில் பத்தையுமா ஒக்காந்துட்டாரு.

ஒரு விசயம் மட்டும் போகப் போகத்தான் புரிஞ்சுச்சு. சுவத்துக்குப் பேரெல்லாம் தெரியாது. நீங்க வாய்ல யாரு பேரச் சொல்லி அடிக்குறீங்கங்கிறது அதுக்குக் கணக்கில்ல. அடிக்குற அந்த நொடியில மனசுல எந்த ஆளு முன்னால வந்து நிக்குதோ, அந்த ஆளுக்குத்தான் விழும். ஒரு வக்கீலு, எதிர்க்கட்சி வக்கீல நெனச்சு பெல்ட்டக் கழட்டி வீசுனாரு. வீசுன எடத்துலயே அவரு முதுகுல வரி வரியாத் தடிச்சுப் போச்சு. வேட்டிய எறக்கிவிட்டுக்கிட்டுப் போயிட்டாரு, அதுக்கப்புறம் அவர அந்தப் பக்கம் பாக்கல.

இதோட நின்னிருந்தாக் கூடப் பரவால்ல. எங்க பக்கம் செய்முறைன்னு ஒண்ணு உண்டு. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, எழவு, எதுக்கு ஒருத்தர் வந்து என்ன செஞ்சாலும், நாம திருப்பிச் செய்யும்போது வந்ததுக்கு மேல கொஞ்சம் கூட்டித்தான் செய்யணும். சரிக்குச் சரியாச் செஞ்சா உறவே வேண்டாம்ன்னு அர்த்தம், செய்யாமலே விட்டா அவங்க மூஞ்சியில முழிக்க முடியாது. அந்தப் பழக்கத்த அப்படியே தூக்கி அடிக்கும் வச்சுக்கிட்டாங்க எங்க ஊரு புத்திசாலிங்க. அடி வந்துட்டா, வாங்கிக்கிட்டு சும்மா இருக்கப்படாது, ஒரு கை கூட்டித் திருப்பிச் செய்யணும். செய்யுறது சரி, யாருக்கு? அடிச்சவன் பேரு எழுதி அனுப்புறானா என்ன? அதனால உத்தேசமா ஒரு ஆளப் பிடிப்பாங்க. போன பொங்கலுக்குச் சீரு கொறைஞ்சதுன்னு மூஞ்சியத் தூக்கிவச்சாளே கொழுந்தியா, அவளாத்தான் இருக்கும்ன்னு இவன் வந்து குத்துவான். அவ பாவம், ஒரு பாவமும் அறியாம அடுப்படியில நின்னவ, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்து எந்திரிச்சு, இது ஓரகத்தி வேலைன்னு கம்பெடுத்துக்கிட்டு வருவா. அறைக்குக் குத்து, குத்துக்குக் கம்பு, கம்புக்குச் சம்மட்டி. ஆடி மாசத்துல கைக்கட்டு போடாத ஆள எங்க ஊருல பாக்குறது கஷ்டம். ஆவணியில ஆத்துல குளிச்சுக்கிட்டிருந்த ஒரு பெரிய மனுசன் மண்டையில அடி விழுந்து முங்குனவரு, கொக்கிரகுளம் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் மெதந்தாரு. அவருக்குப் பதினாறாம் நாளு விசேசம் முடிஞ்ச கையோட அவரு மகனுங்க மூணு பேரும் சம்மட்டியோட வந்து வரிசையில நின்னாங்க. நான் அவங்களுக்கும் சர்பத் போட்டுக் கொடுத்தேன். வேற என்ன செய்ய?

இப்படி ஊரே அடியும் ஒதையுமாக் கெடக்குறப்ப, நெசமாவே தெனம் அடி வாங்குன ஒருத்தி மட்டும் அந்தச் சுவரு பக்கம் வரவே இல்ல. முப்பிடாதின்னு பேரு. சந்துக்கு அடுத்த தெருவுலதான் வீடு. அவ புருசன் நல்லபெருமாளு, பஸ் பாடி கட்டுற பட்டறையில வெல்டிங் வேலை. பேரு வச்சவங்களச் சொல்லணும். அவன் கைக்குச் சுவரும் தேவைப்படல, காரணமும் தேவைப்படல. கொழம்புல உப்பு கூடுனா அடி, கொறைஞ்சா அடி, ரெண்டும் சரியா இருந்தா அன்னைக்கு என்னடி திமிருன்னு அடி. கரண்டி, ஒயரு, எது கையில கெடைக்குதோ அது.

அவளுக்கு ஒரே அண்ணன், ஆவுடையப்பன். எங்க சந்து முக்குல பழைய இரும்புக் கடை வச்சிருந்தவரு. ஊருக்கு நல்ல மனுசன்தான், இல்லங்கல. தாயும் தகப்பனும் போனதுக்கப்புறம் தங்கச்சிய வளத்து, படிக்க வச்சு, கட்டிக் கொடுத்தவரு. ஆனா அவ அடி வாங்கிட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடி வார ஒவ்வொரு தடவையும், பொழுது அடையுறதுக்குள்ள அல்வாவும் பூவும் ஒரு சீப்புப் பழமும் வாங்கிக்கிட்டு, இவரு முன்னால போக அவ பின்னால போக, நல்லபெருமாளு வீட்டு வாசல்ல கொண்டு போய் விட்டுட்டு, கோவத்த மனசுல வைக்காதிய மாப்ளன்னு சொல்லிட்டு, திரும்பிப் பாக்காம வந்துருவாரு. கட்டிக் கொடுத்த பொண்ணு ஒரு ராத்திரி பொறந்த வீட்டுல தங்கிட்டா வாழாவெட்டின்னு பேராயிருமாம். அந்த ஊர்வலம் என் கடையத் தாண்டித்தான் போகும். எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒரு நாளு பொறுக்க மாட்டாம நானே கடைய விட்டு எறங்கி நல்லபெருமாள நெனச்சு ஓங்கி ஒண்ணு வச்சேன். மத்தியானம் எனக்கு எலுமிச்சம்பழம் போடுதவன் வாய் வீங்கி வந்து நின்னான். அன்னைக்குக் காலையில அழுகலாக் கொண்டாந்து கொட்டிட்டுப் போயிருந்தான், அந்த எரிச்சல் முந்திக்கிட்டு. அடுத்தவ வலிக்கு நாம அடிக்க முடியாதுன்னு அப்பதான் எனக்கு ஒறைச்சுச்சு.

ஏட்டி, ஊரே அடிக்குது, நீ ஒரு அடி அடிச்சா என்னன்னு அவகிட்டயே கேட்டேன். அவ கண்ணாடி கிளாஸையே பாத்துக்கிட்டு, அடிச்சா அவன்தான் விழுவான்னு என்னக்கா நிச்சயம்ன்னு கேட்டா. கிறுக்கின்னு நெனச்சுக்கிட்டேன்.

கார்த்திகை மாசம், மழை விட்டு வெயிலு எட்டிப் பாத்த ஒரு சாயங்காலம். அண்ணன் முன்னால வாராரு, கையில அல்வாப் பொட்டலமும் பூவும் பழமும். தங்கச்சி பின்னால வாரா. அவ எடக்கையில மாவுக்கட்டு. கட்டு இன்னும் காயக்கூட இல்ல. மணிக்கட்ட மிதிச்சு ஒடைச்சிருக்கான். அன்னைக்குப் பாத்து அந்தச் சண்டாளன் எங்க சலூன்லதான் மூஞ்சி பூரா சோப்பு நொரையோட ஒக்காந்திருக்கான், கண்ணாடியில ரெண்டு பேரும் வாரதப் பாத்துட்டு எந்திரிக்கக்கூட இல்ல. சுவத்துக்கு நேரா வந்ததும் முப்பிடாதி நின்னா. "அண்ணே, நில்லு"ன்னு சொன்னா. வரிசையில நின்ன அம்புட்டுப் பேரும், கட்டப் பாத்தாங்களோ என்னமோ, ஒதுங்கி வழி விட்டாங்க. அவ செருப்பக் கழட்டிப் போட்டுட்டு, சோத்துக் கைய மடக்கி, ஒடம்புல உள்ள பலம் பூரா சேத்து அந்தச் சுவத்துல ஒரு அடி அடிச்சா.

நாங்க எல்லாரும் சலூனப் பாத்தோம். நல்லபெருமாளு நாற்காலிக் கையப் பிடிச்சுக்கிட்டுக் கண்ண இறுக்கி மூடியிருந்தான். ஒண்ணும் ஆகல. ஒரு கண்ணத் தெறந்தான், ரெண்டாவது கண்ணையும் தெறந்தான், நொரைக்குள்ள பல்லு தெரியச் சிரிச்சான். அப்பத்தான் எங்க முதுகுக்குப் பின்னால தொப்புன்னு சத்தம். ஆவுடையப்ப அண்ணாச்சி குப்புறக் கெடக்காரு. சட்டை முதுகுல நீளத்துக்குக் கிழிஞ்சு, உள்ளயிருந்து ரத்தம் பொங்குது. பழமும் பூவும் சேத்துக்குள்ள கெடக்கு.

அவரு மெதுவாத் தலையத் தூக்குனாரு. "என்னையவாம்மா நெனச்ச?"

முப்பிடாதி அழல. "அவனத்தான் அண்ணே நெனச்சேன். அவன் வாசல்ல என்னைய விட்டுட்டு நீ திரும்பிப் போவேல்லா, அந்த முதுகுதான் முன்னால வந்துச்சு."

எங்க ஊரு சனம் எப்பேர்ப்பட்ட சனம் தெரியுமா? இத்தனையும் பாத்துட்டு, அதுல ஒரு பெரியவரு, சரி அண்ணாச்சி, வந்தது வந்துட்டு, கூடப்பொறந்தவளா இருந்தாலும் திருப்பிச் செய்யுறதுதானே மொறைங்காரு. நாலு பேரு ஆமாங்காங்க. ஆவுடையப்ப அண்ணாச்சி சுவத்தப் பிடிச்சு எந்திரிச்சாரு. சலூனுக்குள்ள இருக்கிறவன நல்லா உத்துப் பாத்தாரு. பாத்துட்டு, மாப்ள பேரச் சத்தமாச் சொல்லி, ரெண்டு கையையும் சேத்து ஓங்கி அடிச்சாரு. அடிச்ச எடத்துலயே அவரு வாயி கிழிஞ்சு, அவரே மல்லாக்க விழுந்தாரு. அவரு மனசுல முன்னால நின்னது யாருன்னு அப்ப ஊருக்கும் தெரிஞ்சுச்சு, அவருக்கும் தெரிஞ்சுச்சு.

அவ குனிஞ்சு அண்ணன் பக்கத்துல ஒக்காந்தா. தாய் தகப்பன் இருந்த பழைய வீடு ஒண்ணு சமாதானபுரத்துப் பக்கம் பூட்டிக் கெடந்துச்சு, அந்தச் சாவியக் கேட்டா. அண்ணாச்சி இடுப்புல இருந்த சாவிக் கொத்த எடுத்து, ரத்தத்தோட அவ கையில வச்சாரு. அவ எந்திரிச்சு, செருப்பு மாட்டிக்கிட்டு, நல்லபெருமாளு வீடு இருக்குற தெசைக்கு முதுகக் காட்டிக்கிட்டு நடந்தா. நான் நிம்மதியா மூச்சு விட்டேன். அம்புட்டுத்தான் கதை, முடிஞ்சு போச்சு, இனி அவன் கை அவளுக்கு எட்டாதுன்னு நெனச்சேன். நானும் அந்த ஊருக்காரிதானே, எனக்கு மட்டும் எங்கயிருந்து புத்தி வரும்?

நல்லபெருமாளு சலூன் துண்டக்கூடக் கழட்டாம வெளிய வந்தான். அவள ஓடிப்போய்ப் பிடிக்கல. ஏன் ஓடணும்? நேரா சுவத்துக்குப் போனான். போய் ஒரு குத்து விட்டான். சந்து கடைசி வரைக்கும் போயிருந்த முப்பிடாதி, பின்மண்டையில அடிபட்டு முழங்கால் போட்டு விழுந்தா. எங்க ஊருல எத்தனையோ பேரு எத்தனையோ நெனச்சு அடிச்சுக் கை தப்பியிருக்கு. அவனுக்குத் தப்பவே இல்ல. அவன் மனசுல அவள அடிக்கிறதத் தவிர வேற ஒண்ணுமே இல்லைல்லா. அவ எந்திரிச்சு நடந்தா. அவன் ரெண்டாவது அடிச்சான். எந்திரிச்சா. மூணாவது அடிச்சான், கட்டுப் போட்ட கையி மேலயே விழுந்தா, அந்த அலறல நான் இன்னும் மறக்கல. சமாதானபுரம் என்ன, அவ சென்னைக்கு ஓடுனாலும், கடலத் தாண்டிப் போனாலும், இந்தச் சுவரு நிக்குற வரைக்கும் அவன் கை அவ மேல விழுந்துக்கிட்டேதான் இருக்கும்.

எங்க ஊரு என்ன செஞ்சுச்சுன்னா கேக்கீங்க? வரிசையில வராம நடுவுல புகுந்துட்டானேன்னு முணுமுணுத்துச்சு. அவன் மேல யாரும் கை வைக்கல. அது அவன் முறையாம்.

ஆவுடையப்ப அண்ணாச்சிய யாரும் கவனிக்கல. அவரு தன் கடைக்கு நொண்டிக்கிட்டே போயி, கடப்பாரைய எடுத்துக்கிட்டு வந்தாரு. நல்லபெருமாளு மூச்சு வாங்கக் கொஞ்சம் ஒதுங்குனான் பாருங்க, அந்தக் கண்ணசரல்ல இவரு சுவத்து முன்னால போயி நின்னுட்டாரு. கடப்பாரைய ஓங்கி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு போடு போட்டாரு. மேலயிருந்து ஒரு கல்லு பேந்து விழுந்துச்சு. அதே நேரம் அவரு தோள்பட்டை எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. இன்னொரு போடு. இன்னொரு கல்லு. அவரு விலா உள்ள போச்சு. அவரு மனசுல முன்னால நிக்கிறது அவரேதான், வேற யாரும் இல்ல, அப்ப ஒவ்வொரு அடியும் வேற எங்க போகும்?

அப்பத்தான் ஊருக்குச் சுரீர்ன்னுச்சு. ஐயோ நம்ம சுவரு, ஊருக்கே பேரு கொடுத்த சுவரு, மெட்ராஸ்ல இருந்தெல்லாம் பாக்க வாராங்கன்னு பதறுனாங்க. எலும்பு வைத்தியரு தலையில அடிச்சுக்கிட்டாரு. நல்லபெருமாளு அவரப் பிடிச்சு இழுக்கப் பாஞ்சான். பாஞ்சவன எங்க ஆளுங்களே நாலு பேரு பிடிச்சு நிறுத்திட்டாங்க. அவன் மேல உள்ள கோவத்துல இல்ல, முறை முறைதானே, ஒருத்தர் முடிச்சாத்தானே அடுத்தவரு. அண்ணாச்சி மேல கை வைக்க அவங்களுக்கும் வழியில்ல. ஆயிரம் பேரு சுத்தி நின்னு கெஞ்சுனாங்க. விட்டுருங்க அண்ணாச்சி, செத்துருவிய அண்ணாச்சி. அவரு காதுல ஒண்ணும் ஏறல. போடுதாரு, விழுதாரு, கடப்பாரைய ஊனி எந்திரிக்காரு, போடுதாரு. சுவரு ரெண்டு ஆளு உசரத்துல இருந்து ஒரு ஆளு உசரமாச்சு, நெஞ்சு உசரமாச்சு. அவரு ஒரு கண்ணு மூடிப் போச்சு, ஒரு காலு தரையில ஊனல, வாயில வந்த ரத்தத்தத் துப்பக்கூட நேரமில்லாம முழுங்கிக்கிட்டாரு. நான் கல்லாப் பெட்டியப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதுட்டேன். அந்த மனுசன் மேல எனக்கு இருந்த வயித்தெரிச்சல் எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

கடைசில எங்க ஆளுங்களுக்கு ஒரு யோசனை வந்துச்சு. சந்து முனைக்கு ஓடி, அங்க ஒரு வீட்டு வாசப்படியில ஒக்காந்து ரத்தம் தொடைச்சுக்கிட்டிருந்த முப்பிடாதிய எழுப்பி, உங்க அண்ணன் சாகுதாரு, நீ சொன்னாத்தான் கேப்பாரு, வந்து நிறுத்தச் சொல்லு தாயின்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. கூட்டம் பிரிஞ்சு வழி விட்டுச்சு. ஒடைஞ்ச கைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அவ அண்ணன் பக்கத்துல வந்து நின்னா. அண்ணாச்சி கடப்பாரைய ஊனி நின்னுக்கிட்டு, தெறந்திருந்த ஒத்தக் கண்ணால அவளப் பாத்தாரு. நிறுத்தவாம்மான்னு கேக்குறாப்புலதான் இருந்துச்சு அந்தப் பார்வை.

அவ அண்ணன் மூஞ்சியப் பாத்தா. அப்புறம் முழங்கால் உசரத்துக்கு மிச்சம் நின்ன சுவத்தப் பாத்தா. முந்தானையால அவரு நெத்தி ரத்தத்தத் தொடைச்சுவிட்டா.

"இன்னும் கொஞ்சந்தான் இருக்கு, அண்ணே"ன்னா.

அண்ணாச்சி தலைய ஆட்டிட்டுக் கடப்பாரையத் தூக்குனாரு.